கை கழுவப் போனவள்

அத்தியாயம் 7

ஒச்சப்பன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கு உலகத்தில் யார் மேலும் இரக்கம் இல்லை. வரிசையில் முன்னால் நின்று ஒருவர் முதுகில் ஒருவர் தாளம் போட்ட கல்லூரிப் பையன்கள் மேல் இல்லை. பின்னால் நின்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்த கடற்படைக்காரரின் குழந்தை மேல் இல்லை. பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற தம் உதவியாளன் பிச்சுமணி மேல் சுத்தமாக இல்லை.

“சாரே, இது சாப்பாட்டுக்கு நிக்கிற வரிசையா, ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நிக்கிற வரிசையா?” என்றான் பிச்சுமணி.

“வாயை மூடு.”

“மூடினா வாசனை உள்ள போகாது சாரே.”

எண்பத்தைந்தாம் வருஷத்துக் கொச்சியில் பிட்ஸா என்றால் வெசூவியோதான். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் வளைவில், பழைய சுக்குக் கிடங்கு ஒன்றுக்குள் இருந்தது கடை. இத்தாலிக்காரன் கப்பலில் பல வருஷம் சமைத்துவிட்டு ஊர் திரும்பிய பத்ரோஸ் சேட்டன், செங்கல் அடுப்பு ஒன்றைக் கட்டி, ஊட்டியிலிருந்து சீஸ் வரவழைத்து ஆரம்பித்தார். முதலில் சிரித்த ஊர் இப்போது தேவராவிலிருந்தும் வைப்பினிலிருந்தும் படகேறி வந்து கால் கடுக்க நின்றது.

ஒச்சப்பன் நின்றது தின்பதற்காக அல்ல.

நான்கு வாரத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாக்கியலக்ஷ்மி என்ற இருபத்தாறு வயதுப் பெண் இரண்டு சிநேகிதிகளோடு இந்தக் கடைக்கு வந்தாள். சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள். ஓடிப்போனவளைத் தேட எங்களுக்கு நேரமில்லை என்று ஒரே வாரத்தில் கையை உதறிவிட்டார்கள். அவளுடைய புருஷன் செல்லதுரை மட்டாஞ்சேரியில் பெயர் சொன்னால் தெரியும் மிளகு வியாபாரி. தமிழர் சங்கத்தில் முதல் நாற்காலி அவருக்குத்தான். அவர் ஒச்சப்பனின் எர்ணாகுளம் துப்பறியும் ஆபீஸுக்கே படியேறி வந்து, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“போட்டோ தர்றேன் சார். அடையாளமும் சொல்றேன். இடது புருவத்துல ஒரு வெட்டு. முன்பல் ஒண்ணு பாதிதான் இருக்கும். இடது கை சுண்டு விரல் கோணி இருக்கும். எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க.”

அந்தப் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒச்சப்பன் அலையாத இடமில்லை. ஆலுவா ரயில் நிலையத்தில் கூலிக்காரர்களைக் கேட்டார். வைப்பின் படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவனைக் கேட்டார். புருவத்தில் வெட்டு, பாதிப் பல், கோணல் விரல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்தது. பலன் பூஜ்யம். அன்று பெண்களைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டவர் செல்லதுரையின் கணக்குப்பிள்ளை அழகர். அவரையாவது பார்க்கலாம் என்றால், போகும்போதெல்லாம் அவர் மலைக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிறார் என்றே பதில் வந்தது.

கடைசியில் ஒச்சப்பனுக்கு மிஞ்சியது ஒரே நூல்தான். அதே கடை, அதே சிநேகிதிகள், அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடந்ததை இன்னொரு தடவை நடத்திப் பார்த்துவிடுவது.

சிநேகிதிகள் இருவரும் அவருக்குப் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். வீரலட்சுமி தையல் வகுப்பு நடத்துகிறவள்; பாக்கியலக்ஷ்மி அவளிடம் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ள வந்து சிநேகிதியானவள். வார்த்தைக்குப் பஞ்சமில்லாத வாய் வீரலட்சுமிக்கு. இன்னொருத்தி காளியம்மை, ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒச்சப்பனுக்கு நெஞ்சுவலி வந்துவிடும் போலிருக்கும்.

கதவு திறந்தது. நால்வரும் உள்ளே போனார்கள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பத்ரோஸ் சேட்டன் தலையை நிமிர்த்தி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். தலைக்கு மேல் தொங்கிய பித்தளைக் கப்பல் மணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். டங். டங். டங்.

“மூணு அடி. நம்மளை வரவேற்கிறாரா, கப்பல் மூழ்குதுன்னு சொல்றாரா சாரே?” என்றான் பிச்சுமணி.

“அடுக்களைக்குச் சொல்ற சங்கேதமா இருக்கும். நட.”

“ஓ, சாரா! பின்னயும் வந்தாச்சா?” என்றார் பத்ரோஸ். கப்பலில் தூத்துக்குடிக்காரர்களிடம் கற்ற தமிழ் அவருடையது. “இன்னும் அந்தப் பெண்குட்டியைத் தேடுறதா? அன்னைக்கே சொன்னேனே, அந்த முகம் இங்க வரலைன்னு.”

ஒச்சப்பன் பல்லைக் கடித்தார். போன வாரம் தனியாக வந்து போட்டோவைக் காட்டியபோதும் இந்த மனிதர் இதையேதான் சொன்னார். அடுக்களையைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, அடுப்புப் பக்கம் யாரையும் விடமாட்டேன் என்று குறுக்கே நின்றார். கூட்டத்தில் மறந்திருப்பார், இல்லையென்றால் எதையோ மறைக்கிறார். அந்தச் சந்தேகத்தில் பிச்சுமணியை இரண்டு நாள் கடையின் பின்புறச் சந்தில் காவல் நிறுத்தியதில், வெங்காயத் தோல் வெளியே போவதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஜன்னலோர மேசை ஒன்று காலியானது. உட்கார்ந்தார்கள்.

“அன்னைக்கு எந்த மேசை டீச்சர்?”

“இதேதான் சார்,” என்றாள் வீரலட்சுமி. “பாக்கியம் இந்தப் பக்கம். நான் எதிர்ல. காளி எனக்குப் பக்கத்துல.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“பிட்ஸா.”

“அது தெரியுது. என்ன போட்ட பிட்ஸா?”

வீரலட்சுமியின் கண் சுவரில் தொங்கிய விலைப் பலகைக்குப் போய்விட்டு வந்தது. “செம்மீன் போட்டது.”

“டீச்சரே பலகையைப் பார்த்து எழுதினா, நம்மள மாதிரிப் பிள்ளைங்க என்ன ஆவுறது?” என்றான் பிச்சுமணி. யாரும் சிரிக்கவில்லை.

“கை கழுவ எந்தப் பக்கம் போனாங்க?”

“பின்னால,” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இதனால்தான் ஒச்சப்பனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று வாரமாக எப்படிப் போட்டுக் கேட்டாலும் ஒரே பதில். ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், சாயா வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். சுவரில் பந்தை எறிந்தால் எப்படித் திரும்பி வருமோ அப்படித் திரும்பி வந்தது.

அவர் இறால் போட்ட அந்தச் செம்மீன் பிட்ஸாவையே சொன்னார். பரிமாறுகிறவன் தலையாட்டிவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்து ஆவி பறக்க ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தான். ஒச்சப்பன் கையை நீட்டினார். “ஐயோ, இது அந்த மேசைக்காக்கும்,” என்று அவர் மூக்குக்கு அடியிலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பக்கத்து மேசையில் கல்லூரிப் பையன்கள் சீஸை இழுத்து இழுத்து யாருடைய நூல் நீளம் என்று பந்தயம் கட்டினார்கள்.

“அப்பளத்து மேல பாயசத்தைக் கொட்டி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு,” என்றான் பிச்சுமணி, ஏக்கத்தோடு. “ஆனாலும் ஒரு துண்டு கிடைச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

கதவு திறந்தது. மணி ஒரு தடவை அடித்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட ஐம்பது வயது மனிதர் ஒருவர் தனியாக வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த மேசையில் உட்கார்ந்து ஒரு சோடா சொன்னார்.

“ஹச்!” என்றான் பிச்சுமணி. கைக்குட்டையை எடுப்பதற்குள் இன்னும் இரண்டு வந்தன.

“என்னடா?”

“தெரியல சாரே. காலைல செல்லதுரை முதலாளியோட கிடங்குல தும்மினதுக்கு அப்புறம் இப்பதான். ஹச்! தெருவெல்லாம் மிளகுதான் காயுது, அங்கெல்லாம் ஒண்ணும் ஆகல. அந்தக் கிடங்குத் தூசிதான் எனக்கு ஆகாது. ஹச்!”

ஒச்சப்பன் பிச்சுமணியைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெண்களைப் பார்த்தார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீரலட்சுமி, முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளியம்மையின் கையிலிருந்த தண்ணீர் தம்ளர் வாய்க்கும் மேசைக்கும் நடுவே நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில், மூட்டை உரசிய இடத்தில் கருமையாகப் படிந்திருந்தது.

மலைக்குப் போன அழகர் இறங்கி வந்துவிட்டார் போலிருக்கிறது.

சரிதான், என்று நினைத்துக்கொண்டார் ஒச்சப்பன். தேடச் சொல்லிப் பணித்தவரே, தேடுகிறவன் பின்னால் ஆளை அனுப்பியிருக்கிறார். நம்பிக்கை இல்லையா, அவசரமா? எதுவானாலும் பசித்த வயிற்றுக்கு மேல் அது இன்னொரு குத்து.

மறுபடியும் கதவு திறந்தது. பளபளக்கும் சட்டையில் ஓர் இளைஞன், புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தான். வைப்பின்காரன் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மணி ஒரே ஒரு தடவை அடித்தது.

“எந்தா சேட்டா, நாங்க ரெண்டு பேர் வந்தா ஒரு மணியா? என் கெட்டியோளுக்கு இல்லையா மரியாதை?”

“அடிச்சதே அவளுக்குத்தான்!” பத்ரோஸ் சிரித்தார். “நீ போன மாசம் கூட்டுகாரன்மாரோட வந்தவன் அல்லே? மணி புது முகத்துக்கு. ஒரு முகத்துக்கு ஒரு அடி. கப்பல்ல படிச்ச பழக்கம். என் பெண்டாட்டி பேரை மறந்தாலும் மறப்பேன், உள்ள வந்த முகத்தை மறக்க மாட்டேன்.”

கடையே சிரித்தது. ஒச்சப்பன் சிரிக்கவில்லை. அவர் கை தம்ளரின் விளிம்பிலேயே நின்றது.

மூன்று அடி.

நால்வரும் உள்ளே வந்தபோது மூன்று அடி. அவர் பழைய முகம். போன வாரம் வந்தவர். பிச்சுமணி சந்தில் நின்றானே தவிர உள்ளே வந்ததில்லை, அதற்கு ஒன்று. மீதி இரண்டு?

பத்ரோஸ் எதையும் மறக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த முகம் இங்கே வரவில்லை.

காதோரம் சூடாக ஏறியது ஒச்சப்பனுக்கு. மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அடுத்த மேசையில் ஒரு முதுகு காதாக இருந்தது.

“பிச்சுமணி,” என்றார் சாதாரணமாக. “பாவம், அந்த ஐயா தனியா உக்காந்து சோடா குடிக்கிறார். போய்த் துணைக்கு உக்காரு. நம்ம பிட்ஸா வந்தா அவருக்கும் குடு.”

பிச்சுமணி ஒரு கணம் அவர் கண்ணைப் பார்த்தான். கைக்குட்டையால் மூக்கை இறுக்கிக் கட்டாத குறையாகப் பொத்திக்கொண்டு எழுந்தான். “அண்ணாச்சி, நமஸ்காரம்! ஊரு எது? பாண்டிப் பக்கமா?” என்று அந்த மனிதருக்கு எதிரே, பார்வையை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“டீச்சர், காளியம்மை, வாங்க. கை கழுவிட்டு வந்துடலாம்.”

ஒச்சப்பன் எழுந்தார். ஆனால் நடக்கவில்லை, பெண்கள் முன்னே போக வழிவிட்டார். வீரலட்சுமி தயங்கிவிட்டுக் கடையின் பின்பக்கம் நடந்தாள். விறகுக் கட்டைகளைத் தாண்டினாள். அடுப்பின் அனல் முகத்தில் அடிக்க நின்றாள். முன்னால் சுவர். குழாயும் இல்லை, தொட்டியும் இல்லை.

“அங்க எங்க போறீங்க?” பத்ரோஸ் கத்தினார். “கை கழுவுறது வெளியே! வாசல் தாண்டி, பக்கவாட்டுச் சந்துல!”

வீரலட்சுமி திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

சந்தில் சுவரோடு ஒட்டிய சிமெண்டுத் தொட்டி. ஒச்சப்பன் குழாயை முழுதாகத் திறந்துவிட்டார். தண்ணீர் சடசடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் பேசினார்.

“நீங்க ரெண்டு பேரும் இந்தக் கடைக்குள்ள கால் வைக்கிறது இன்னைக்குத்தான் முதல் தடவை.”

“என்ன சார் இப்படி...”

“பாக்கியலக்ஷ்மி இங்க வரவே இல்ல. இங்க சாப்பிடவும் இல்ல, கை கழுவவும் இல்ல. மூணு வாரம் டீச்சர்! ஆலுவாவுல ஒரு கூலிக்காரர் விடாமக் கேட்டிருக்கேன். வைப்பின்ல என்னைப் பார்த்தாலே டிக்கெட் கிழிக்கிறவன் ஓடுறான். ஒரு நல்ல மனுஷன் மேல சந்தேகப்பட்டு அவர் வெங்காயத் தோலை எண்ணிக்கிட்டிருந்தோம். எல்லாம் நீங்க ரெண்டு பேரும் கட்டின கதைக்காக!”

வீரலட்சுமியின் தயக்கம் திடீரென்று போய்விட்டது. பிடிபட்டவளின் குரலாக இல்லை அது. களைத்தவளின் குரலாக இருந்தது.

“கூட்டமா இருக்கிற இடம் வேணும்னு நெனச்சோம் சார். அப்படி ஒரு இடத்துல காணாமப் போனான்னு சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காதுல்ல. ஊர்ல எல்லாரும் இந்தக் கடையைப் பத்தித்தான் பேசுறாங்க. இந்தக் கடைக்காரருக்கு இப்படி ஒரு மண்டை இருக்கும்னு நாங்க கண்டோமா?”

“எதுக்கு இந்தக் கதை?”

வீரலட்சுமி வாயை இறுக்கிக்கொண்டாள். “அதைச் சொல்ல மாட்டேன். நீங்க அவரோட ஆளு.”

“நான் யாரோட ஆளும் இல்ல.”

“அவர்தானே உங்களைத் தேடச் சொன்னது?”

அப்போது காளியம்மை வாயைத் திறந்தாள்.

“சார்கிட்ட போட்டோ இருக்குல்ல. எடுங்க.”

எடுத்தார்.

“நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிற அடையாளத்தை அதுல காட்டுங்க.”

ஒச்சப்பன் போட்டோவைப் பார்த்தார். நூறு தடவை அடுத்தவர்களிடம் நீட்டிய போட்டோ. ஒரு தடவையாவது தாம் ஒழுங்காகப் பார்த்தோமா என்று அப்போதுதான் தோன்றியது. கல்யாணக் கோலத்தில் பாக்கியலக்ஷ்மி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் பல் வரிசை முழுசாக இருந்தது. இரண்டு புருவமும் மை தீட்டியதுபோல் வெட்டில்லாமல் வளைந்திருந்தன. மாலையைப் பிடித்திருந்த இடது கையில் ஐந்து விரலும் நேராக இருந்தன.

புருவத்தில் வெட்டு. பாதிப் பல். கோணல் விரல். மூன்று அடையாளம். மூன்றும் கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவை. மூன்றையும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கொஞ்சம்கூடக் கூசாமல், அந்த மனிதர் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார்.

“எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வருவாங்க,” என்றாள் காளியம்மை. அவள் இவ்வளவு பேசி ஒச்சப்பன் கேட்டதில்லை. “ஒவ்வொரு தடவையும் விழுந்துட்டேன்னு சொல்லும். புருஷன் பக்கத்துலயே நிப்பாரு, அழுதுக்கிட்டு. சுண்டு விரலுக்குக் கட்டுப் போடுறப்ப நான்தான் கையைப் பிடிச்சிருந்தேன். படியில விழுந்தவளுக்குச் சுண்டு விரல் மட்டும் பின்பக்கமா எப்படி சார் மடங்கும்? அடுத்த தடவை கட்டுப் போட ஆளே மிஞ்சாதுன்னு எனக்குத் தோணிச்சு. டீச்சர்கிட்டச் சொன்னேன். வகுப்புப் பிள்ளைங்களுக்கு விருந்துன்னு டீச்சர் போய் அவர்கிட்ட அனுமதி கேட்டாங்க.”

குழாய்த் தண்ணீர் ஒச்சப்பனின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. அவர் நகரவில்லை.

“இப்ப அவ நல்லா இருக்கா சார்,” என்றாள் வீரலட்சுமி. குரல் இளகியிருந்தது. “தையல் மிஷின்ல உக்காந்துட்டா. எங்கன்னா...”

“சொல்லாதீங்க!”

அவர் போட்ட சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டார்கள்.

“சொல்லாதீங்க,” என்றார் மறுபடி, மெதுவாக. “தெரிஞ்சா என் முகத்துல எழுதியிருக்கும். அதைப் படிக்கத்தான் உள்ள ஒருத்தர் சோடா குடிச்சுக்கிட்டிருக்கார். இப்ப நான் உங்களைத் திட்டப் போறேன். வாங்குற திட்டுக்கு அழுங்க.”

உள்ளே பிட்ஸா வந்திருந்தது. வந்து, போயும் இருந்தது. தட்டில் கருகிய ஓரங்கள் மட்டும் கிடந்தன. அழகரின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பிச்சுமணி அடுத்த துண்டைக் கையில் ஏந்திக் காத்திருந்தான்.

“உங்க பங்கையும் அண்ணாச்சிக்கே குடுத்துட்டேன் சாரே,” என்றான். “வேண்டாம்னு சொல்ற நேரத்துல வாயில வச்சிட்டேன்.”

“மூணு வாரமா இதே பல்லவி!” என்று ஒச்சப்பன் மேசையில் ஓங்கித் தட்டினார். கடை முழுதும் திரும்பிப் பார்த்தது. “பின்னால போனா, பின்னால போனா! அதுக்கு மேல ஒரு எழவும் தெரியாது உங்க ரெண்டு பேருக்கும்! உங்களைக் கூட்டிக்கிட்டு வந்ததுக்கு ரெண்டு பொம்மையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம். போங்க! இனிமே என் கண்ணு முன்னால வராதீங்க!”

நடிக்க அவர் அதிகம் சிரமப்படவில்லை. கோபம் உண்மையானது, யார் மேல் என்பதைத்தான் மாற்றிக் காட்டினார். வீரலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அதுவும் உண்மையான அழுகைதான்.

செல்லதுரையின் கிடங்கில் மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. பிச்சுமணி வாசலிலேயே தும்ம ஆரம்பித்தான். செல்லதுரை எழுந்து வந்து ஒச்சப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏதாவது தெரிஞ்சுதா சார்? சோறு இறங்கல எனக்கு. அவ இல்லாம வீடு வீடா இல்ல.” கண்ணில் நீர் தளும்பியது. துண்டு மேலே போனது.

“இந்தப் போட்டோ என்னைக்கு எடுத்தது?” என்றார் ஒச்சப்பன்.

“கல்யாணத்தன்னைக்கு. ஏன் சார்?”

“இதுல புருவத்துல வெட்டைக் காணோமே.”

“அது... அப்புறம் விழுந்தா.”

“பல்லு?”

“விழுந்தாதான்.”

“விரலு?”

செல்லதுரையின் துண்டு கீழே இறங்கியது. தளும்பிய கண்ணீர் எந்த வழியாகப் போனது என்று தெரியவில்லை, கண் காய்ந்திருந்தது. ஒச்சப்பனின் கையை விட்டார்.

“அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும்,” என்றார். மரியாதையும் கண்ணீரோடு போய்விட்டிருந்தது.

“தெரியாது.” அதைச் சொல்லும்போது, இத்தனை நாளில் இல்லாத ஓர் உறுதி ஒச்சப்பனின் குரலில் இருந்தது. “என்னால கண்டுபிடிக்க முடியல. இந்தக் கேஸை விட்டுட்டேன். ஆனா போட்டோ என்கிட்டயே இருக்கும். நீங்க சொன்ன மூணு அடையாளமும் எனக்கும் இவனுக்கும் மனப்பாடம். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு எங்கயாவது நாலாவதா ஒரு அடையாளம் விழுந்துச்சுன்னு தெரிஞ்சா, போட்டோவும் நானும் போலீஸ் ஸ்டேஷன்லதான் நிப்போம். நான் விட்டாலும் பேப்பர்க்காரங்க விட மாட்டாங்க. சங்கத்துல அந்த முதல் நாற்காலியில அப்புறம் யாரு உக்காருவாங்கன்னு பாத்துக்குங்க.”

“அந்த ரெண்டு சிறுக்கிகளுக்கும் தெரிஞ்சிருக்கும்! அவளுகளை நான்...”

“தெரியாது முதலாளி.”

குரல் வாசலிலிருந்து வந்தது. அழகர். சட்டையில் பிட்ஸாத் துணுக்கு ஒட்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

“நான் அவங்களை ஒட்டியே உக்காந்திருந்தேன். இந்த சார் கிழிகிழின்னு கிழிச்சாரு. ஒண்ணும் தேறல. அவங்களுக்கு ஒண்ணும் தெரியல. ஒரு நிமிஷம்கூட என் கண்ணைவிட்டு அவங்க விலகல.”

ஒச்சப்பன் திடுக்கிட்டது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். கண்ணைவிட்டு விலகவில்லையா? சந்தில் குழாயடியில் அவ்வளவு நேரம் நின்றார்களே!

செல்லதுரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். காலெட்டும் தூரத்தில் இருந்த தராசுத் தட்டை எட்டி உதைத்தார். அது உருண்டு ஓடி மூட்டையில் மோதி விழுந்தது.

படகுத்துறைக்கு நடக்கும்போது பின்னால் வேகமாகச் செருப்புச் சத்தம் கேட்டது. அழகர் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?” என்றார் ஒச்சப்பன்.

“அன்னைக்குத் தெருமுனையில அவங்க மூணு பேரையும் விட்டுட்டு நான் திரும்பிப் பார்த்தேன் சார். பிட்ஸாக் கடைப் பக்கம் போகல. படகுத்துறைப் பக்கம் திரும்பினாங்க. முதலாளியம்மா கையில ஒரு துணிப்பை.” அழகர் நெற்றியைத் துடைத்தார். “அந்த வீட்டுல ராத்திரி கேட்கிற சத்தம் கிடங்கு வரைக்கும் கேட்கும். நாலு வருஷமா கேட்டும் கேட்காத மாதிரி இருந்தவன் நான். அன்னைக்குப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். நீங்க தேடி வந்தப்பல்லாம் மூட்டைக்குப் பின்னாலதான் இருந்தேன் சார். மலைக்கெல்லாம் போகல.”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பிப் போனார்.

பிச்சுமணி விரலை மடக்கினான். “டீச்சருக்குத் தெரியும். ஆயாவுக்குத் தெரியும். கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். பத்ரோஸ் சேட்டனுக்குப் பாதி தெரியும். மொத்த மட்டாஞ்சேரியிலயும் தெரியாதவங்க நம்ம ரெண்டு பேருதான் சாரே. நம்மதான் துப்பறியிறவங்க.”

ஒச்சப்பன் சிரிக்க முயன்றார். வரவில்லை. பசி இன்னும் அடங்கவில்லை. மூன்று வாரம் கழித்து, ஒரு வழக்கைக் கடைசி முடிச்சு வரை அவிழ்த்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார். எந்த ஊர், எந்தத் தெரு, எப்படி இருக்கிறாள் என்பது ஒரு வார்த்தைத் தூரத்தில் இருந்தது. அந்த வார்த்தையைத் தாமே வாயைப் பொத்தித் தடுத்தார். தெரிந்துகொள்வதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு, தெரியாமல் இருக்க வேண்டும் என்பது செருப்புக்குள் போன கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது. இனி எப்போதும் உறுத்தும்.

எர்ணாகுளம் படகு புறப்படத் தயாராக இருந்தது. ஏறி, ஓரத்துப் பலகையில் உட்கார்ந்தார்கள். காயலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். மீன்கூடையோடு ஒருத்தி, குழந்தையோடு ஒருத்தி. கடைசியில் முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டு, மடியில் துணிப்பையோடு ஒருத்தி.

ஒச்சப்பனின் கண் பழக்க தோஷத்தில் அவள் இடது கையைத் தேடியது. பைக்கு மேல் வைத்திருந்த கை. சுண்டு விரலை மற்ற விரல்கள் மறைத்திருந்தன. கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிச்சுமணி அவர் விலாவில் இடித்தான். “சாரே, அங்க...”

“பார்க்காதே.”

“இல்ல சாரே, ஒருவேளை...”

“யாரா இருந்தாலும் பார்க்காதேன்னு சொன்னேன்ல.”

படகு கரையை விட்டு விலகியது. ஒச்சப்பன் உடம்பை முழுவதுமாகத் திருப்பி, காயலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அக்கரை வரும்வரை அவர் திரும்பவே இல்லை.